வால் முந்தி

நாலு இருபதுக்கு எழும்;
நாலு ஐம்பதுக்கு விடியல் விழுங்கிவிடும்.
இடையில் அரை மணி.
வடகிழக்கில், நீரிணைக்கு மேல்,
நீட்டிய கையில் நான்கு விரல் உயரம்.

ஐந்து நாள் மேகம்.
ஆறாம் நாள் காற்று; முக்காலி
குளிர்சுரம் கண்டவன்போல் நடுங்கியது.
ஏழாம் நாள் எனக்கு இரவுப் பணி:
முஹு தீவுக்கும் பெருங்கரைக்கும் நடுவே
பெர்ரியின் அடிவயிற்றில்
எண்ணெய்க் கறையோடு நின்றேன்.
வால்மீனைப் பார்த்தேன் என்றார் ஒரு பயணி.
அவர் பார்த்தது வெள்ளியை.

எட்டாம் நாள்
வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி.

ஜூனிப்பர் புதர் மறைவில்
கேமராவை நட்டேன்.
லென்ஸின் கழுத்தில் பழைய காலுறை,
அதற்குள் சூட்டுப் பொட்டலம்,
பனி படியாதிருக்க.
துருவ மீனைத் துளைக்குள் பிடித்து
மோட்டாரை முடுக்கி,
முப்பது நொடிக்கு ஒரு படமென
ஷட்டரிடம் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன்.
உர்வேயின் ஆட்டுக்கொட்டிலில்
விளக்கு எரிந்தது.

விளக்கா அது!
கப்பல் பட்டறை ஏலத்தில் எடுத்தது.
என் வடகிழக்கு முழுவதும் மோர்.

வேலி தாண்டி ஓடினேன்.
"அரை மணி அணைத்து வை, உர்வே.
பன்னிரண்டாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை..."
அவள் திரும்பவில்லை.
முழங்கை வரை செம்மறிக்குள் இருந்தாள்.
"அவ்வளவு காலம் காத்திருந்தது
இன்னும் கொஞ்சம் காக்காதா?
தலையைப் பிடி."

தலை என்றது தாயின் தலையை.
குட்டியின் தலை உள்ளே எங்கோ
எதிர்த்திசை பார்த்துக் கிடந்தது.
வெளியே எட்டிப் பார்த்தது வால்,
ஈரமாய், சுண்டுவிரல் பருமனில்.

நான் இயந்திரக்காரன்.
வால்வு தெரியும், பிஸ்டன் தெரியும்.
இது திருகாணி இல்லாத வேலை.
பின்னங்கால்களைத் தேடி மடக்கி
ஒவ்வொன்றாய் வெளியே கொண்டுவந்தாள்.
"இனி நிற்கக் கூடாது, ஹெய்னோ.
கொடி நசுங்கினால்
உள்ளேயே மூச்சை இழுத்துவிடும்."

இழுத்தோம்.
வைக்கோல்மேல் விழுந்து
குளிரில் ஆவி பறக்கக் கிடந்தது.
அசைவில்லை.
துரும்பால் அதன் மூக்கைக் கிளறினாள்.
நான் எண்ணினேன்,
திறந்த ஷட்டரை எண்ணும் பழக்கம்:
பதினொன்று, பன்னிரண்டு...
பத்தொன்பதில் தும்மியது.

கையைக் காற்சட்டையில் துடைத்தபடி
சுவரோரம் போனாள்.
ஒன்றும் சொல்லாமல்
பெரிய விளக்கை அணைத்தாள்.
மூலையில் சிவப்புச் சூட்டுவிளக்கு மட்டும்.
தாய் நக்கும் சத்தம்.

கிளம்பினேன்.
"இன்னொன்று இருக்கிறது" என்றாள்.
வாளியோடு அவள் தண்ணீருக்குப் போக
நான் மறுபடி தலையைப் பிடித்தேன்.
அது ஒழுங்கான குட்டி.
மூக்கும் முன்னங்கால்களுமாய்
நீச்சல்காரன்போல் குதித்தது.
வெளியே வந்தபோது
கிழக்கு வெளுத்துவிட்டது.

ஐம்பத்து நாலு படம்.
முப்பத்தொன்பது மோர்.
பதினைந்து மிஞ்சியது.

விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொருத்தினால்
வால்மீன் கலங்கிப் போகும்.
வால்மீனைப் பொருத்தினால்
விண்மீன்கள் கீறலாகும்.
இரண்டையும் அசையாமல் நிறுத்தும் தந்திரம்
மென்பொருளில் உண்டு.
எனக்கு அது பிடிப்பதில்லை.
கீறல்கள் இருக்கட்டும் என்று விட்டேன்.

ஞாயிறன்று உர்வே வந்தாள்.
திரையில் அந்தப் பச்சைப் புள்ளியை,
அதிலிருந்து எழும் வெள்ளை விசிறலை
வெகுநேரம் பார்த்தாள்.
"எந்தப் பக்கம் போகிறது?"
காட்டினேன்.
"வால் முன்னாலேயா?"
"சூரியனை விட்டு விலகும்போது
வால்தான் முந்தும்."
"அப்படியென்றால்
காலைத் தேடியிருக்க வேண்டும்" என்று சிரித்தாள்.
பிறகு கேட்டாள்:
"நேரில் எப்படி இருந்தது?"

நேரில் நான் பார்க்கவில்லை என்றேன்.
அந்த அரை மணியும்
அவள் கொட்டிலில்தானே இருந்தேன்.

கோப்பையைக் கீழே வைத்தாள்.
"அன்றைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேனே,
கடல் பக்கம் புகைபோல் ஒன்று.
கண்ணாடியில் அழுக்கென்று
கழற்றித் துடைத்தேன்.
துடைத்தும் போகவில்லை."